பட்டறையில் மட்டும் ஓடும் ஜீப்

மாவு மில்லைத் தாண்டி வரும் வளைவில் ஜீப் மறுபடியும் நின்றது. முதலில் ஓர் இருமல், பிறகு உடம்பை உதறிக்கொள்வதுபோல ஒரு குலுக்கல், அதன்பின் கப்சிப். ஊசிக்காரம்மா சாவியைத் திருகினாள். ஸ்டார்ட்டர் தொண்டை கிழியக் கத்தியதே தவிர, என்ஜின் வாய் திறக்கவில்லை.

மில் வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த சுமைக்காரர் கையைத் தூக்கினார். "என்னம்மா, நம்ம ஸ்டாப்பிங் வந்துருச்சா?"

"ஆமா, இறங்குறவங்கல்லாம் இறங்குங்க," என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்த வாரத்தில் இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை அவள் விட்டுவிட்டாள். ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தால் அதுவாகவே கிளம்பும். கொஞ்ச தூரம் நல்ல பிள்ளையாய் ஓடும். பிறகு நிற்கும். கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால், அங்கே நாள் முழுக்க நின்ற இடத்தில் உறுமிக்கொண்டே இருக்கும். ஒரு இருமல்கூட வராது. வெளியூர்க்காரர் முன்னால் மட்டும் சாதுவாக நடிக்கும் பிள்ளையைப் பெற்றவளைப்போல அவள் பட்டறை வாசலில் வெட்கப்பட்டு நிற்பாள்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா இதே ஜீப்பில் ஏறி உட்காரப் போகிறார். கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி, காய்ந்த ஓடையைத் தாண்டி, கல்மேட்டில் இருக்கும் ஆட்டுப்பட்டிகள்வரை போய்த் திரும்ப வேண்டும். வழியில் நிற்காமல் வந்தால் ஜீப் பிழைக்கும். நின்றால் ஏலம். ஜீப் ஏலத்துக்குப் போனால் ஊசிக்காரம்மா மருந்துக் கிடங்கில், மேஜைக்குப் பின்னால், பாட்டில்களுக்குக் காவலாக உட்கார வேண்டியதுதான். அங்கே ஒரு ஜன்னல் உண்டு. அதுவும் பக்கத்துச் சுவரைப் பார்த்தது.

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆஸ்பத்திரியில் தரை கழுவ வந்தவள், பிறகு ஊசி கழுவினாள், பிறகு ஆட்டைப் பிடித்துக்கொண்டாள், ஒருநாள் ஊசி போடுகிறவர் வராதபோது, "நீ போடுறியா?" என்று கேட்டார்கள். போட்டாள். ஜீப் ஓட்டக் கற்றதும் அப்படித்தான். டிரைவர் ஓய்வு பெற்றார், புது டிரைவர் வரவில்லை, பட்டிகளில் ஆடுகள் நோயில் விழுந்துகொண்டிருந்தன. இரண்டு முறை ஓடைக்குள் இறக்கி, ஒரு முறை ஆஸ்பத்திரி வேலியைப் பிடுங்கிக்கொண்டு போய், ஓட்டப் பழகினாள். அதற்குப்பின் அந்த எருமையை வேறு யாரும் தொடவில்லை. ஜீப்புக்கு எருமை என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு கிடா அவளை முட்டியது. ஊசி போட்டு முடித்து, பெட்டியை மூடிவிட்டுத் திரும்பியபிறகு, முதுகுக்குப் பின்னால் வந்து முட்டியது. பாறையில் விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மாவுக்கட்டும் கட்டிலுமாகப் பல மாதங்கள். அத்தனை நாளும் ஜீப் அவள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, தகரக் கொட்டகைக்குக் கீழே, தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் புதிதாக வந்தவர்கள் பைக்கில் போகிற இடத்துக்கு மட்டும் போனார்கள். கல்மேட்டுக்கு யாரும் போகவில்லை.

இப்போது அவள் எழுந்துவிட்டாள். ஜீப்தான் எழ மறுத்தது.

*

பட்டறைக்காரனுக்கு ஊரில் கேரண்டி என்று பெயர். எதைத் தொட்டாலும் அந்த ஒரு சொல்லோடுதான் திருப்பிக் கொடுப்பான். அவள் அவனைத் தம்பி என்பாள், அவன் அவளை அக்கா என்பான். சண்டையும் அந்த உறவுக்குள்ளேயே நடக்கும்.

முதல் தடவை அவன் டேங்க் மூடியைத் திறக்கவே படாத பாடு பட்டான். "எந்தப் புண்ணியவான்கா இப்படி முடுக்கினது?" என்று பைப் ரெஞ்சைப் போட்டுத் திருகினான். பக்கத்தில் காற்றடிக்கிற மிஷின் காது கிழியப் போட்ட சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. மூடியை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, டேங்குக்குள் டார்ச் அடித்து, மூக்கை விட்டு மோந்து, முகத்தைச் சுளித்தான். "பெட்ரோலா இது? வார்னிஷ் வாடை அடிக்குது. இத்தனை மாசம் கிடந்தா கெட்டுத்தான் போகும்." பழையதைக் கொட்டிப் புதியதை ஊற்றினான். ஜீப் ஓடியது. "கேரண்டி," என்றான். மாவு மில் வளைவில் நின்றது.

இரண்டாம் தடவை மூடியைத் திறந்து டார்ச் அடித்துவிட்டு, காற்று வடிகட்டியைக் கழற்றினான். உள்ளே ஒரு எலிக்கூடு. கூடு முழுக்க வெள்ளை வெளேரென்ற பஞ்சு. அவளுடைய கால் கட்டுக்கு வாங்கி வைத்த பஞ்சு.

"பார்த்தீங்களாக்கா? உங்க கால் பஞ்சை எடுத்து அதுக்கு மெத்தை போட்டிருக்கு."

"பிரசவம் பார்க்க என்னைக் கூப்பிடலையே, அதுவரைக்கும் சந்தோஷம்."

ஜீப் ஓடியது. கேரண்டி. சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு முன்னால், பிள்ளைகள் எல்லாம் வெளியே வரும் நேரத்தில் நின்றது.

மூன்றாம் தடவை கார்ப்பரேட்டரைக் கழற்றி ஊதினான். நான்காம் தடவை பெட்ரோலை இழுக்கிற பம்பையே மாற்றினான். ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பான். அது அவன் பழக்கம், டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல. கடைசி வேலையாக மூடியைத் தொடையில் துடைத்துவிட்டு மூடுவான். ஒவ்வொரு தடவையும் ஜீப் அங்கே ஓடியது. எதைக் கடைசியாகத் தொட்டானோ அதுதான் நோய் என்று சத்தியம் செய்தான்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. உனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"உட்கார்ந்தே கிடந்தா எதுவும் மக்கர் பண்ணத்தான்கா செய்யும்."

"யாரைச் சொல்ற? என்னையா, ஜீப்பையா?"

"ஐயோ, ஜீப்பைக்கா!"

அவள் நம்பவில்லை. அவள் முழங்காலும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. எழுந்ததும் நன்றாக நடக்கும். தெரு முனை வந்ததும் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் நின்றால் விடும். கோபம் உண்மையில் யார்மேல் என்று அவளுக்கே தெளிவில்லை. மேஜைக்குப் போகச் சொல்கிறவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்களோ என்று ஒரு நினைப்பு வரும். வந்த வேகத்தில் அதைத் துரத்துவாள். அது கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வரும்.

*

வீட்டில் சர்க்கரை டப்பா திறக்கவில்லை.

அது புதிதல்ல. அவள் கணவர் பாட்டில் கம்பெனியில் மூடி பார்க்கிறவர். வெள்ளை விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, ஓடிக்கொண்டே வரும் பாட்டில்களில் எந்த மூடி வழியாகக் காற்றுப் போகிறது என்று கண்டுபிடித்துத் தூக்கி எறிவது அவர் வேலை. தெருவில் அவர் மூடிக்காரர். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. உப்பு, சர்க்கரை, டீத்தூள், தைலப் புட்டி, எல்லாவற்றையும் இறுக்கி வைத்துவிட்டுத்தான் தூங்குவார். மூடி திறக்க ஆள் கூப்பிட வேண்டிய வீடு அது ஒன்றுதான் என்று அவள் சொல்வாள்.

"இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க. டீ ஆறுது."

அவர் இரண்டு விரலால் திருகித் திறந்தார். அதிலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"இன்னைக்கும் நின்னுடுச்சாமே?" என்றார்.

"அதுக்குள்ள உங்க காதுக்கு வந்துருச்சா?"

"மில்லுல சொன்னாங்க." டீயை ஆற்றிக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னார்: "நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்காத. மேஜை வேலை என்ன மோசமா? நிழல்ல உட்காரலாம். கிடா வந்து முட்டாது."

"பாட்டில் முட்டுமா?"

"அதுக்கில்ல…"

"எருமை நின்னா உங்களுக்குச் சந்தோஷம். அதானே?"

அவர் டப்பாவை மூடி, ஒரு திருகு அதிகமாகத் திருகி, அலமாரியில் வைத்தார். அந்த மௌனம் அவளுக்குள் ஒரு முள்ளாக நின்றுவிட்டது.

*

வெள்ளிக்கிழமை காலை அவள் கொட்டகைக்கு வந்தபோது மூடிக்காரர் முந்திக்கொண்டிருந்தார். கேன் நிறையப் பெட்ரோல் வாங்கிவந்து, கழுத்துவரை ஊற்றி, மூடியைத் தன் கையாலேயே முடுக்கி, துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெட்ரோல் பத்தாம நின்னுச்சுன்னு யாரும் சொல்லக்கூடாது பாரு," என்றார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். முள் கொஞ்சம் அசைந்தது.

டாக்டரம்மா அவளைவிட வயதில் மிகவும் சின்னவர். சட்டைப் பையில் பேனா, மடியில் ஒரு அட்டை. கெட்டவர் இல்லை. மேலிடத்தில் ஜீப்பைத் தள்ளிவிடச் சொன்னபோது, "ஒருதரம் ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வாதாடி வாங்கியவர் அவர்தான். அது ஊசிக்காரம்மாவுக்கும் தெரியும்.

மாவு மில் வளைவுகூட வரவில்லை. அதற்கு முன்னாலேயே இருமியது.

"என்னம்மா?"

"தூசி, டாக்டர்."

ஆக்சிலேட்டரை மிதித்து, கெஞ்சி, பல்லைக் கடித்து, வளைவைத் தாண்டினாள். சுமைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். ஊர் எல்லை, செம்மண் சாலை, கற்கள். ஓடைக்கு இறங்கும் சரிவில் ஜீப் தானாகவே உருண்டது. ஏறும் பக்கத்தில், நட்டநடு மேட்டில், எருமை தலையைக் கவிழ்த்தது.

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். டாக்டரம்மா பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், எழுதவில்லை. அந்த எழுதாத கருணைதான் அவளால் தாங்கமுடியாததாக இருந்தது.

"எழுதுங்க டாக்டர். நின்னதை நின்னுச்சுன்னுதானே எழுதணும்."

அதற்குள் மேட்டிலிருந்து ஓர் ஆட்டுக்காரர் இறங்கி வந்தார். தோளில் ஒரு பெட்டையாடு. "ஊசிக்காரம்மாவா? உசுரோட இருக்கியா தாயி? சத்தம் கேட்டதும் எருமைதான்னு ஓடி வந்தேன். மழை முழுக்க ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. இதையாவது பாரு."

அவள் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். ஜீப் நின்றால் ஊசியுமா நிற்கும்? புட்டியை எடுத்து, ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி, தலைகீழாகப் பிடித்து இழுத்தாள். மருந்து கொஞ்சம் வந்தது. இன்னும் இழுத்தாள். வரவில்லை. விட்டதும் ஊசிக்குழாயின் பிஸ்டன் தானாகவே உள்ளே ஓடியது.

"சே!" என்றாள். கோபத்தில் காற்று ஏற்ற மறந்துவிட்டாள். எவ்வளவு மருந்து எடுக்கிறோமோ அவ்வளவு காற்றை முதலில் புட்டிக்குள் ஏற்ற வேண்டும். அடைத்த புட்டி சும்மா கொடுக்காது. காற்றை வாங்கிக்கொண்டுதான் மருந்தைக் கொடுக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லி, மறந்தால் மண்டையில் தட்டுகிறவள் அவளே.

ஊசியை வெளியே எடுத்து, பிஸ்டனைப் பின்னால் இழுத்துக் காற்றைப் பிடித்து, புட்டிக்குள் ஏற்றினாள். மருந்து வழவழவென்று இறங்கியது. ஆட்டின் தோலைத் தூக்கி ஊசியைப் போட்டாள். கை வேலை செய்துகொண்டிருந்தது. கண்மட்டும் மெதுவாக ஜீப்பின் பின்பக்கம் திரும்பியது.

அடைத்த புட்டி.

கேரண்டி எப்போதும் முதலில் மூடியைத் திறக்கிறான். அப்போதெல்லாம் ஓடுகிறது. சாலையில் யாரும் திறப்பதில்லை. நிற்கிறது. இன்று டேங்க் கழுத்துவரை நிறைந்திருக்கிறது, உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. சீக்கிரமே இருமியது.

"டாக்டர், கொஞ்சம் இறங்குங்க."

மூடியைக் கையால் திருகினாள். அசையவில்லை. எப்படி அசையும், யார் முடுக்கியது! ஜாக்கிக் கம்பியை எடுத்து, துணியைச் சுற்றி, மூடியின் காதில் கொடுத்து, கெட்ட காலை டயரில் ஊன்றித் தள்ளினாள். முழங்கால் கத்தியது. மூடி கொஞ்சம் நகர்ந்தது.

ஸ்ஸ்ஸ்ஸ்…

டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது. தண்ணீரில் முங்கிக்கிடந்தவன் எழுந்து இழுப்பதுபோல நீளமான மூச்சு. ஆட்டுக்காரர் பாம்பு என்று நினைத்து ஒரு அடி பின்னால் போனார்.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். மேலே இரண்டு பொடி ஓட்டைகள். அவற்றுக்கு உள்பக்கம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வட்டமாக வெட்டி, பசை வைத்து ஒட்டிய தடித்த சிவப்பு ரப்பர். இத்தனை நாள் பெஞ்சில் கிடந்தபோது, மூடியோடு வந்த வாஷர் என்றுதான் கேரண்டியும் நினைத்திருப்பான். ஆனால் அவளுக்குத் தெரியும். அந்தச் சிவப்பில் ஒரு துண்டு அவள் வீட்டுத் தைலப் புட்டியில் இருந்தது. இன்னொன்று சர்க்கரை டப்பாவில்.

"என்னம்மா அது?" என்றார் டாக்டரம்மா.

"மூடி, டாக்டர்." நகத்தால் ரப்பரைப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "காத்துப் போக வழி இல்ல. பெட்ரோல் எப்படி வரும்? இப்ப வரும்."

வந்தது. ஒரே திருகலில் எருமை எழுந்தது.

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார். "நிக்காமப் போய் வரணும்னு எழுதியிருக்கே."

"யார் எழுதினது?"

"நான்தான்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி. மேல போவோம், கீழ இறங்குவோம். ஆஸ்பத்திரி வாசல்லேருந்து மறுபடியும் மேல. இந்தத் தடவை நிக்கக்கூடாது. உங்க கால் தாங்குமா?"

"கால் நின்னா அது என் பாடு. நீங்க ஜீப்பைப் பாருங்க."

ஜீப் இரண்டு முறை ஏறி இறங்கியது. இரண்டாம் முறை மாவு மில் வளைவில் சுமைக்காரர் கையைக் காட்டினார், அவள் நிறுத்தவில்லை. திரும்பி வரும்போது அவள் முழங்கால் கிளட்சை மிதிக்க மறுத்து நடுங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா அட்டையில் ஒரே ஒரு வரி எழுதிக் காட்டினார்: ஏலம் வேண்டாம், மூடியைச் சரிசெய்தால் போதும்.

*

சாயங்காலம் மூடிக்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே அவள் சிவப்பு ரப்பரை மேஜையில் வைத்தாள்.

அவர் எடுத்து, பழக்கத்தில் விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "இது எருமையோடதாச்சே. ஏன், கசிஞ்சுதா?"

"கசியல. அதான் கேடு."

சொன்னாள். ஓடை, புட்டி, மூச்சு, எல்லாம். அவர் முகம் ரப்பரைவிடச் சிவப்பாகிக்கொண்டு வந்தது.

"அந்த மூடியில ஓட்டை இருந்துச்சு," என்றார் குரல் தாழ்ந்து. "ரெண்டு ஓட்டை. யாரோ கெட்ட மூடியைப் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன்."

"நான் மறுபடியும் போகக்கூடாதுன்னு அடைச்சீங்களா?"

கேட்டுவிட்டாள். ஓடை மேட்டிலிருந்தே உள்ளே கிடந்த கேள்வி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். "நீதானே சொன்ன? கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருந்தப்ப. பெட்ரோல் வாடை குடலைப் புரட்டுது, ஏதாச்சும் பண்ணுங்கன்னு அழுதியே. மறுநாள் கம்பெனியிலேருந்து கொண்டுவந்து ஒட்டினேன். அப்புறம் வாடை வரல, நீ தூங்கின."

அவளுக்கு நினைவு வந்தது. மாவுக்கட்டு, வலி மாத்திரை, வாடை. அழுததும் நினைவு வந்தது. பிறகு வாடை நின்றதும், ஏன் நின்றது என்று அவள் கேட்கவே இல்லை.

"போகக்கூடாதுன்னு ஆசைதான்," என்றார் அவர், ரப்பரை உருட்டிக்கொண்டே. "பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காக மூடியைக் கெடுக்கிற ஆள் நான் இல்ல."

அது உண்மை. மனைவிக்குத் துரோகம் செய்தாலும் மூடிக்குச் செய்யமாட்டார். அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

"அப்ப ஓட்டை போடுங்க."

"இதுலயா?"

"ரெண்டு. மூடியில இருக்கிற ஓட்டைக்கு நேரா."

அவள் தன் பெட்டியிலிருந்து தடித்த ஊசி ஒன்றை எடுத்து நீட்டினாள். இத்தனை வருஷமாக ஓட்டை விழுந்ததைத் தூக்கி எறிந்தே பழகிய கை அது. ஊசியை ரப்பரின்மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பல் பிடுங்கப் போகிறவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு குத்தினார்.

"வலிக்குதா?" என்றாள்.

"போடி."

மறுநாள் காலை அவர் சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டார். ஜீப்பின் டேங்க் மூடி சரியான அளவில் முடுக்கப்பட்டு, இரண்டு ஓட்டைகளோடு பளபளத்தது. அவள் உள்ளே வந்து டீக்குத் தண்ணீர் வைத்து, சர்க்கரை டப்பாவை எடுத்தாள். திருகினாள். துணி சுற்றித் திருகினாள். மேஜை விளிம்பில் தட்டித் திருகினாள்.

பட்டறையில் கேரண்டி அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். எருமை வந்து நின்றதைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிப்போனது.

"மறுபடியுமாக்கா?"

"ஜீப்புக்கு ஒண்ணும் இல்ல தம்பி," என்று அவள் டப்பாவை நீட்டினாள். "அந்தப் பைப் ரெஞ்சைக் கொஞ்சம் எடு."